பழைய ரோடு சைக்கிள் பிரேமுக்குப் புதிய பாகங்கள்: அளவெடுப்பது முதல் ஓட்டிப் பார்ப்பது வரை

1970, 80களில் வந்த நல்ல ஸ்டீல் ரோடு பிரேம் இன்றும் தாராளமாக ஓடும். ரெனால்ட்ஸ் 531, கொலம்பஸ் எஸ்.எல். போன்ற குழாய்களில் லக் (குழாய்கள் சேரும் இடத்து உறை) வைத்துப் பற்றவைத்த பிரேமுக்கு வயது ஒரு குறையே இல்லை. குறையெல்லாம் அதில் மாட்டியிருக்கும் பாகங்களில்தான். அழுத்திப் பிடித்தாலும் நிற்காத பிரேக், ஏற்றத்தில் முழங்காலைப் பதம் பார்க்கும், 52, 42 பற்களுள்ள முன் பல்சக்கரங்கள், ஹேண்டிலிலிருந்து கையை எடுத்துக் குனிந்து போட வேண்டிய கியர். இவற்றை மாற்றிவிட்டால் அதே சைக்கிள் வேறு சைக்கிளாகிவிடும்.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்கள் முதலில் குரூப்செட்டை, அதாவது பிரேக், கியர் எல்லாம் சேர்ந்த பாகத் தொகுப்பை வாங்கிவிடுகிறார்கள். பணம் வீணாவது அங்கேதான். பழைய பிரேம்கள் ஒரே தரத்தில் செய்யப்பட்டவை அல்ல. இங்கிலாந்து, இத்தாலி, பிரான்ஸ் என்று நாட்டுக்கு நாடு மரை மாறும், பத்தாண்டுக்குப் பத்தாண்டு அகலம் மாறும். எந்தப் பாகம் பொருந்தும் என்பதைப் பிரேம்தான் சொல்ல வேண்டும். முதலில் அளவு, அந்த அளவுகள் தாளில் ஏறிய பிறகு பாகங்கள்.

எதுவரை மாற்றலாம் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பின் அச்சு அகலம் 130 மி.மீ., ரிம் பிரேக், 8 முதல் 11 வரை கியர். இந்த எல்லைக்குள் நின்றால் பெரும்பாலான வேலை சாதாரணக் கருவிகளோடு முடியும். டிஸ்க் பிரேக் ஆசை வேண்டாம். டிஸ்க்கின் விசை முழுவதும் இடது ஃபோர்க் காலின் அடிப்பகுதியில் போய்க் குவிகிறது. பழைய ஃபோர்க்கின் மெல்லிய, கீழே குறுகி வளையும் கால் அந்த விசைக்காகச் செய்யப்பட்டதல்ல. பின்னால் சக்கரத்தைத் தாங்கும் மெல்லிய குழாய்களான ஸ்டேக்களில் இடதுபக்கத்தவற்றுக்கும் இதே கதிதான்.

பிரேம் தேறுமா?

எல்லாப் பாகங்களையும் கழற்றி, பிரேமைத் துடைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மேல் குழாய்க்கும் கீழ்க் குழாய்க்கும் அடியில், ஹெட் லக்கிலிருந்து (ஃபோர்க் நுழையும் முன் குழாயின் லக்) மூன்று, நான்கு சென்டிமீட்டர் பின்னால் விரல்நுனியை மெதுவாக ஓட்டுங்கள். பெயின்ட்டில் மெல்லிய அலை தட்டுப்பட்டாலோ, குறுக்காக ஒரு கோடு விரிந்திருந்தாலோ அந்தச் சைக்கிள் எதன் மீதோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த அலை விரலுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பிரேமில் பணம் போடாதீர்கள்.

அடுத்து டிராப்அவுட்கள், அதாவது அச்சு உட்காரும் பிளவுகள். வலதுபக்க டிராப்அவுட் ஸ்டேயோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் வருவது சகஜம். பாட்டம் பிராக்கெட் கூட்டின் (பெடல்களின் நடு அச்சு சுழலும் இடம்) உட்புறம், சீட் குழாயின் அடி, செயின்ஸ்டேயின் (அங்கிருந்து பின் அச்சுக்குப் போகும் குழாய்) கீழ்ப்புறம் ஆகியவை தண்ணீர் தேங்கும் இடங்கள். மேலே படிந்த துரு பயப்பட வேண்டியதல்ல. பெயின்ட் கொப்புளித்து, ஸ்குரூடிரைவர் நுனியால் அழுத்தினால் உள்ளே போகும் துரு என்றால் குழாய் அரித்துவிட்டது என்று பொருள்.

சீட் போஸ்ட்டும் (இருக்கையைத் தாங்கும் தண்டு) ஸ்டெமும் (ஹேண்டிலைத் தாங்கும் தண்டு) கழல்கின்றனவா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அலுமினிய போஸ்ட் ஸ்டீல் குழாய்க்குள் கிரீஸ் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தால் இரண்டும் அரித்துப் பிடித்துக்கொள்ளும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரு நாள் ஊற வைத்துத் திருகிப் பாருங்கள். ஸ்டெமுக்கு ஒரு முறை உண்டு. மேல் போல்ட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, போல்ட்டின் தலையில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விடுபடும். அசைய மறுக்கும் சீட் போஸ்ட்டை எடுக்க ஆகும் செலவு பிரேமின் மதிப்பையே தாண்டலாம். மற்றப் பாகங்கள் வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அளவெடுத்தல்

ஒரு வெர்னியர் இருந்தால் போதும். 0.1 மி.மீ. வரை காட்டுவது வேண்டும். சாதாரண அடிக்கோல் இதற்கு உதவாது. கீழ்க்கண்டவற்றை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

பின் டிராப்அவுட்களின் உட்பக்கத்திலிருந்து உட்பக்கம் எவ்வளவு? 120 மி.மீ. என்றால் 5 கியர் காலம். 126 என்றால் 6 அல்லது 7 கியர். 130 என்றால் பிழைத்தீர்கள், பெரிய வேலை எதுவும் இல்லை. முன் ஃபோர்க் 100 மி.மீ. இருக்க வேண்டும். மிகப் பழையவற்றில் இது சில மி.மீ. குறைவாகவும், அச்சுப் பிளவு 9 மி.மீ.க்குப் பதில் 8 ஆகவும் இருக்கலாம். பிளவை அரத்தால் கொஞ்சம் ராவினால் புதிய அச்சு இறங்கும்; ராவுவது இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும், இல்லையென்றால் சக்கரம் சாய்ந்து நிற்கும்.

பாட்டம் பிராக்கெட் கூட்டின் அகலம் 68 மி.மீ.யா, 70 மி.மீ.யா? 70 என்றால் பெரும்பாலும் இத்தாலிய மரை. 68 என்றால் ஆங்கில மரையாகவோ பிரெஞ்சு மரையாகவோ இருக்கலாம். கூட்டில் திருகி ஏறியிருக்கும் பழைய பேரிங் கிண்ணத்தின் முகத்தைத் துடைத்துப் பார்த்தால் பல சமயம் விடை அங்கேயே பொறித்திருக்கும்: 1.370 x 24 என்றால் ஆங்கிலம், 36 x 24 என்றால் இத்தாலி, 35 x 1 என்றால் பிரெஞ்சு அல்லது சுவிஸ். எழுத்து அழிந்திருந்தால் வலதுபக்கக் கிண்ணம் எந்தப் பக்கம் திருகினால் கழல்கிறது என்று பாருங்கள். கடிகாரச் சுற்றில் கழன்றால் அது இடமரை. ஆங்கிலம் அல்லது அரிதான சுவிஸ். எதிர்ச் சுற்றில் கழன்றால் இத்தாலி அல்லது பிரெஞ்சு.

சீட் குழாயின் உள்விட்டம் 0.2 மி.மீ. படிகளில் மாறும். நல்ல மெல்லிய குழாய்ப் பிரேம்களில் 27.2 பரவலான அளவு. கனமான குழாய் என்றால் 26-க்குப் பக்கத்தில் வரும். 0.2 சிறிய போஸ்ட்டைப் போட்டு இறுக்கினால் லக்கின் காதுகள் ஒன்றையொன்று நோக்கி வளைந்து, போஸ்ட்டும் வழுக்கிக்கொண்டே இருக்கும். சீட் குழாயின் வெளிவிட்டத்தையும் அளந்துவிடுங்கள். 28.6 மி.மீ. இருந்தால் முன் டிரெய்லியரின் (செயினைப் பல்லிலிருந்து பல்லுக்கு மாற்றும் கருவி) பட்டை சுலபமாகக் கிடைக்கும். பிரெஞ்சுப் பிரேமில் அது 28.0 ஆக இருக்கும். உள்ளே மெல்லிய தகடு வைத்து ஈடுகட்டலாம்.

ஹேண்டில் ஸ்டெமின் தண்டு 22.2 மி.மீ. இருக்க வேண்டும். 22.0 என்றால் பிரெஞ்சு.

கடைசியாக பிரேக் எட்டும் தூரம். பழைய பிரேமை 27 அங்குலச் சக்கரத்துக்காகச் செய்திருந்தால் அதன் ரிம் விட்டம் 630 மி.மீ. இன்றைய 700சி சக்கரத்துக்கு 622. ஆரத்தில் 4 மி.மீ. குறைவு. பிரேக் கட்டை அந்த 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். ஆகவே 700சி சக்கரத்தை மாட்டி, பிரேக் போல்ட் துளையின் நடுவிலிருந்து ரிம்மின் பிரேக் பிடிக்கும் பரப்பின் நடுவரை அளந்து எழுதுங்கள், முன்னும் பின்னும் தனித்தனியாக.

பின் ஸ்டேக்களை விரிப்பது

126 மி.மீ. ஸ்டீல் பிரேமில் 130 மி.மீ. சக்கரத்தைக் கையால் விரித்தே மாட்டலாம். பக்கத்துக்கு 2 மி.மீ. தானே, ஸ்டீல் தாங்கும். சக்கரம் கழற்றும்போதெல்லாம் கொஞ்சம் சிரமப்பட வேண்டும், அவ்வளவுதான். 120-லிருந்து 130-க்குப் போவதென்றால் நிலையாகவே வளைத்துவிட வேண்டும்.

ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லிவிடுகிறேன்: வளைப்பது ஸ்டீல் பிரேமை மட்டும்தான். அலுமினியம், கார்பன், டைட்டானியம் எதையும் வளைக்கக் கூடாது. விட்டஸ் 979, ஆலன் போன்ற பழைய அலுமினியப் பிரேம்களில் குழாய்கள் லக்கோடு வெப்பத்தால் பற்றவைக்கப்பட்டவை அல்ல. அவற்றை விரித்தால் இணைப்பே விட்டுப்போகும். காந்தம் ஒட்டாத பிரேம் என்றால் அகலத்தைத் தொடவே வேண்டாம். அதற்கு வேறு வழி பின்னால் வருகிறது.

முதலில் நூல் சோதனை. ஒரு பின் டிராப்அவுட்டில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹெட் குழாயைச் சுற்றி, திரும்ப மறுபக்க டிராப்அவுட்டின் அதே இடத்தில் இழுத்துக் கட்டுங்கள். நூல் விறைப்பாக நிற்க வேண்டும். இப்போது சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளங்கள். இரண்டும் சமம் என்றால் பின்பகுதி நேராக இருக்கிறது. ஒரு பக்கம் அதிகம் என்றால் அந்தப் பக்க ஸ்டே ஏற்கனவே வெளியே போயிருக்கிறது. மறுபக்கத்தை மட்டும் கூடுதலாக நகர்த்தினால் போதும்.

வளைப்பதற்கு ஒன்றரை மீட்டர் நீளமுள்ள, 2-க்கு 4 அங்குல மரச்சட்டம் போதும். பிரேமை யாராவது ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். சட்டத்தின் ஒரு முனையை இடது டிராப்அவுட்டின் உட்புறத்தில் ஊன்றுங்கள். சட்டம் இடது ஸ்டேக்களுக்கு நடுவே வெளியே வந்து, சீட் குழாயின் இடப்பக்கத்தில் பாட்டம் பிராக்கெட்டுக்குப் பக்கமாகச் சாயும்படி வைத்து, அந்த இடத்தில் தடித்த துணியை மடித்துத் திணியுங்கள். சீட் குழாயின் நடுப்பகுதி மெல்லியது, அங்கே சட்டம் அழுத்தினால் குழி விழும். இனி சட்டத்தின் முன் முனையை ஹெட் குழாயை நோக்கி இழுத்தால் டிராப்அவுட் வெளியே நகரும்.

ஸ்டீல் வில் போலத் திரும்பி வரும். முதல் இழுப்பில் எதுவுமே நடக்காதது போலத் தோன்றும். கொஞ்சம் கூட்டி இழுங்கள், விடுங்கள், அளங்கள். மறுபடி கொஞ்சம் கூட்டி இழுங்கள், விடுங்கள், அளங்கள். நிலையாக 2 மி.மீ. கிடைக்க அதைப் போலப் பல மடங்கு தூரம் வளைக்க வேண்டியிருக்கும். திடீரென்று பலத்தைக் காட்டினால் தேவைக்கு மேல் போய்விடும். ஒரு பக்கம் முடிந்ததும் சட்டத்தை மாற்றி மறுபக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் நூல் சோதனை.

இரண்டு டிராப்அவுட்களுக்கும் நடுவே மரைக் கம்பியைப் போட்டு நட்டைத் திருகி விரிக்கும் வழியைப் பலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்கவில்லை. விசை இரண்டு பக்கமும் சமமாகப் போனாலும் எது மெலிந்ததோ அதுதான் வளையும். பற்சக்கரத்துக்கு இடம்விட நசுக்கிய வலது செயின்ஸ்டே ஒரு வளைவும் இடதுபக்கம் வேறு வளைவும் எடுக்க, சக்கரம் நடுவை விட்டு விலகி நிற்கும்.

அகலம் சரியானதும் டிராப்அவுட்கள் இணையாக இல்லை என்பது தெரியவரும். 10 மி.மீ. விரித்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு டிகிரிக்கு மேல் கோணம் விழுந்திருக்கும். அப்படியே சக்கரத்தைப் போட்டு இறுக்கினால் அச்சு வளையும், ஒருநாள் உடையும். இதற்கென்றே இருக்கும் இரட்டை அலைன்மென்ட் கருவி ஒரு நல்ல பிரேம் பட்டறையில் இருக்கும். இந்த ஒரு வேலையைக் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள், கூடவே டிரெய்லியர் தொங்கும் காதையும் நேராக்கச் சொல்லுங்கள்.

காது நேராக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழியுண்டு. 10 மி.மீ. திட அச்சு உள்ள இன்னொரு பின்சக்கரத்தின் அச்சை அந்தக் காதின் மரையிலேயே திருகி ஏற்றுங்கள். இப்போது இரண்டு சக்கரங்கள் பக்கத்துப் பக்கமாக நிற்கும். மேலே, கீழே, முன்னே, பின்னே என நான்கு இடத்திலும் இரண்டு ரிம்களுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். வித்தியாசம் 3, 4 மி.மீ.க்கு மேல் போனால் காது வளைந்திருக்கிறது. புதிய கேசட்டில் (பின் பல்சக்கரத் தொகுப்பு) பல்சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால், பழைய 5 கியரில் தெரியாத வளைவு இங்கே ஒவ்வொரு கியரிலும் கடகடவென்று கேட்கும்.

சக்கரமும் கேசட்டும்

பழைய ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளை) பல்சக்கரத் தொகுப்பான ஃப்ரீவீல் மரையில் ஏறியிருக்கும்; வலது பேரிங் நடுவில் தள்ளி இருப்பதால் அச்சு உடைவது அதில் சகஜம். கேசட் ஹப்பில் பேரிங் ஓரத்தில் இருக்கிறது. புதிய சக்கரம் வாங்க இதுவே போதுமான காரணம்.

11 கியருக்கான ஃப்ரீஹப் உடல் (ஹப்பில் கேசட் ஏறும் பகுதி) 8, 9, 10 கியருடையதை விட 1.85 மி.மீ. நீளம். 11 கியர் ஹப்பையே வாங்குங்கள். பிறகு 8 அல்லது 9 கியர் கேசட் போட்டாலும் பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்று வைத்தால் சரியாகிவிடும். ஷிமானோவின் பெரும்பாலான 10 கியர் ரோடு கேசட்களுக்கு அதோடு இன்னொரு 1 மி.மீ. வளையமும் வேண்டும். அதை மறந்தால் லாக்ரிங்கை (கேசட்டைப் பூட்டும் வளையம்) 40 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிய பிறகும் கேசட் ஆடும்.

சக்கரத்தை மாட்டியதும் செயின் ஏற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மிகச் சிறிய பல்லுக்கும் சீட்ஸ்டேயின் (இருக்கைப் பக்கமிருந்து பின் அச்சுக்கு இறங்கும் குழாய்) அடிக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது? செயின் பல்லின் பக்கவாட்டில் வெளியே துருத்தும். இரண்டு, மூன்று மி.மீ. காற்று இல்லையென்றால் செயின் பெயின்ட்டைத் தின்னும், கியர் மாற்றும்போது நடுவே சிக்கவும் செய்யும். அச்சின் வலதுபக்கம் 1 மி.மீ. வாஷர் சேர்த்து, ரிம் நடுவுக்கு வரும்படி ஸ்போக்குகளைச் சரிசெய்தால் தீரும்.

பழைய கிடைமட்ட டிராப்அவுட்டில் குவிக் ரிலீஸ் (சக்கரத்தை நெம்புகோலால் இறுக்கும் ஸ்கூவர்) ஒரு பெரிய விஷயம். இறுக்கம் தரும் கேம் (நெம்புகோலோடு திரும்பும் உருளை) வெளியே தெரியும் இலகுவான வகை அங்கே போதுமான பிடி தராது. ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் சக்கரம் இடதுபக்கம் இழுத்துக்கொண்டு டயர் செயின்ஸ்டேயில் உரசும். கேம் உள்ளே மறைந்திருக்கும், ஸ்டீல் முகமுள்ள பழைய பாணி ஸ்கூவரே இங்கே சரி.

வளைக்கக் கூடாத 126 மி.மீ. அலுமினியப் பிரேமுக்கு: 7 கியர் ஃப்ரீஹப் உடலுள்ள 126 மி.மீ. ஹப்பில் 9 கியர் கேசட்டின் எட்டுப் பற்களை ஏற்றி, 9 கியர் ஷிஃப்டரோடு (கியர் மாற்றும் கைப்பிடி) ஓட்டலாம். பற்களின் இடைவெளி 9 கியருடையதே என்பதால் கிளிக் சரியாக விழும். ஒரு கிளிக் சும்மா இருக்கும், அவ்வளவே.

பாட்டம் பிராக்கெட்டும் கிராங்கும்

பிரெஞ்சுப் பிரேமில் ஆங்கிலக் கிண்ணத்தைத் திணித்துக் கெடுத்தவர்கள் ஏராளம். ஆங்கில மரையின் 1.37 அங்குலம் என்பது 34.8 மி.மீ.; பிரெஞ்சு 35. மரையின் நெருக்கமும் கிட்டத்தட்ட ஒன்றே. அதனால் இடதுபக்கக் கிண்ணம் முதலில் சுலபமாக ஏறும், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தைத் துரு என்று நினைத்து நீளக் கம்பி போட்டுத் திருகினால் பிரேமின் மரை போய்விடும். சரியான மரை சுத்தமாக இருந்தால் கையாலேயே பெரும்பகுதி ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் நிறுத்திவிட்டு மறுபடி அளங்கள். பிரெஞ்சு, சுவிஸ் பிரேம்களுக்கு மரையைப் பயன்படுத்தாமல் கூட்டுக்குள் விரிந்து பிடிக்கும் வகை பாட்டம் பிராக்கெட்டுகள் கிடைக்கின்றன.

ஆங்கில மரை என்றால் இரண்டு வழி. பழைய அழகான கிராங்கை (பெடல் மாட்டும் கை) வைத்துக்கொள்ள ஆசையென்றால் சதுர முனை கேட்ரிட்ஜ் (பேரிங் உள்ளே மூடிய) பாட்டம் பிராக்கெட் போடுங்கள். பேரிங் கவலை பல ஆண்டுக்கு இல்லை. அச்சின் நீளத்தைக் கிராங்குக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னால் இரண்டு பல்சக்கரங்களின் நடுக்கோடு பிரேமின் மையத்திலிருந்து 43.5 மி.மீ. தூரத்தில் வந்தால் பழைய ரோடு அமைப்புக்குச் சரி. ஆனால் பழைய கிராங்கில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்கள் 144 மி.மீ. வட்டத்தில் அமைந்த கிராங்கில் 41 பல்லுக்குக் கீழே போட முடியாது. ஏற்றமுள்ள சாலையில் ஓட்டுபவர்களுக்கு இது போதாது.

இரண்டாவது வழி, பேரிங் வெளியே இருக்கும் 24 மி.மீ. அச்சுள்ள புதிய கிராங், 110 மி.மீ. வட்டம், 50/34 பற்கள். ஏற்றத்துக்கு இதுவே என் தேர்வு. இதற்குக் கூட்டின் இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பழைய கூடுகளின் முகம் பெயின்ட்டோடு கரடுமுரடாக இருக்கும். பட்டறையில் கொடுத்து மரையைச் சுத்தம் செய்து முகத்தைச் சீவிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் இரண்டு பேரிங்களும் சாய்ந்து ஓடிச் சீக்கிரமே கரகரக்கும். கிண்ணங்களைக் கிரீஸ் தடவி 35 முதல் 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இடது கிராங்கின் பிளாஸ்டிக் மூடியை விரலால் இறுக்கும் அளவே போதும். அது ஆட்டத்தை எடுக்க மட்டும். பிறகு இரண்டு பக்கவாட்டு போல்ட்களை மாற்றி மாற்றி 12 முதல் 14 வரை.

இத்தாலியப் பிரேமில் இரண்டு பக்கமும் வலமரை. மிதிக்க மிதிக்க வலதுக் கிண்ணம் தானாகத் தளரப் பார்க்கும். அங்கே மரைப்பூட்டுப் பசை தடவி முழு இறுக்கம் கொடுங்கள்.

பழைய பிரெஞ்சு கிராங்கை விடாமல் வைத்துக்கொள்பவர்கள் பெடலையும் பார்க்க வேண்டும். அதன் மரை 14 மி.மீ.; இன்றைய பெடல்கள் 9/16 அங்குலம். அப்படியே ஏறாது. மரை வெட்டிப் பெரிதாக்கித்தான் ஏற்ற வேண்டும்.

பிரேக்

ஓட்டத்தில் முதலில் உணரப்படும் மாற்றம் இதுதான். கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது என்றால் வேறெதையும் தொடாமல் இரட்டைச் சுழல் காலிப்பரையும் (இரண்டு அச்சில் திரும்பும் பிரேக் கவ்வி) புதிய கட்டைகளையும் மட்டும் மாற்றுங்கள்.

நீங்கள் அளந்த எட்டும் தூரம் இப்போது உதவும். 39 முதல் 49 மி.மீ. என்றால் சாதாரண ரோடு காலிப்பர். 47 முதல் 57 என்றால் நடுத்தர நீளம். பழைய பிரேமில் 700சி போடுபவர்களில் பலருக்கு இதுதான் வரும். அதற்கும் மேல் என்றால் 55 முதல் 73 வரை எட்டும் டெக்ட்ரோ ஆர்559 போன்றவை. அளவு எல்லையின் விளிம்பில் விழுந்தால் அடுத்த நீளத்தையே வாங்குங்கள். கட்டை பிளவின் கடைசி நுனியில் நின்றால், தேய்ந்த பிறகு டயரில் உரசவோ ரிம்மை விட்டு நழுவவோ இடம் கொடுக்கும்.

அடுத்த சிக்கல் போல்ட். பழைய பிரேமில் 6 மி.மீ. துளை, பின்னால் வெளியே தெரியும் நட்டு. புதிய காலிப்பரில் நட்டு 8 மி.மீ. தடிமனில் உள்ளே புதையும். ஸ்டீல் ஃபோர்க்கின் முடியில் பின்பக்கத் துளையை மட்டும் 8 மி.மீ.க்குத் துளைக்கலாம், முன்பக்கம் 6-ஆகவே இருக்க வேண்டும். மெதுவான வேகம், எண்ணெய், நேராகப் பிடித்த டிரில். பின் பிரேக் பாலத்தைத் துளைக்க வேண்டாம், அது மெல்லிய குழாய். அதற்குப் பதிலாக முன் காலிப்பரையே இரண்டு வாங்கி, நீளமான போல்ட் உள்ள ஒன்றைப் பின்னால் போட்டு, வளைந்த வாஷரும் நைலான் பிடியுள்ள 6 மி.மீ. நட்டும் வைத்து இறுக்குங்கள். போல்ட்டின் மரை நட்டை முழுக்கத் தாண்டி வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த இணைப்பை நம்பக் கூடாது.

லீவரும் காலிப்பரும் ஒரே காலத்தவையாக இருக்கட்டும். ஷிமானோவில் டியூரா-ஏஸ் 7900 வரிசை தொடங்கி லீவர்கள் கேபிளை அதிகம் இழுக்கின்றன. அந்த லீவரைப் பழைய காலிப்பரோடு சேர்த்தால் கல் போல இறுக்கமாக இருக்கும், ஆனால் பிடி குறையும். பழைய லீவரும் புதிய காலிப்பரும் சேர்ந்தால் எதிர்மாறு: லீவர் ஹேண்டில்வரை வந்துவிடும்.

கியரும் கேபிளும்

கீழ்க் குழாயில் பழைய ஷிஃப்டர்கள் இருந்த மேடைகளில், பிரேக்கோடு சேர்ந்த ஷிஃப்டர்களுக்கான கேபிள் நிறுத்திகள் அப்படியே திருகிப் பொருந்தும். முறுக்கிச் சரிசெய்யும் குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மேடையே இல்லாத பிரேமுக்குப் பட்டையாக மாட்டும் 28.6 மி.மீ. வகை கிடைக்கும்.

ஷிமானோவின் 8, 9, 10 கியர் ரோடு பின் டிரெய்லியர்கள் ஒரே இழுப்பு விகிதம் கொண்டவை, ஒன்றுக்கொன்று மாற்றலாம். 11 கியர் விகிதம் வேறு. டியாக்ரா 4700 பத்து கியர்தான் என்றாலும் 11 கியர் விகிதத்தில் இயங்குகிறது. பழைய டியூரா-ஏஸ் 7400 வரிசை டிரெய்லியர் இரண்டிலும் சேராது. சந்தேகம் வந்தால் ஷிஃப்டர், பின் டிரெய்லியர், கேசட் மூன்றையும் ஒரே வரிசையில் எடுங்கள். கீழ்க் குழாயில் கிளிக் இல்லாத உராய்வு ஷிஃப்டரை வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது. எந்த டிரெய்லியரும் எந்தக் கேசட்டும் ஓடும், கை பழகினால் போதும்.

காதே இல்லாத பிரேமுக்கு அச்சோடு சேர்த்து இறுக்கும் தனிக் காது உண்டு. பழைய சிம்ப்ளெக்ஸ் காதில் இன்றைய 10 மி.மீ. மரை இருக்காது, பட்டறையில் மரை வெட்ட வேண்டும்.

கேபிள் உறையில் கஞ்சத்தனம் கூடாது. பிரேக்குக்கு 5 மி.மீ. சுருள் உறை, கியருக்கு 4 மி.மீ. நேர்கம்பி உறை. கியர் உறையைப் பிரேக்கில் போட்டால் முழு பலத்தோடு பிடிக்கும் ஒரு நாளில் அது பிளந்துவிடும். செயின்ஸ்டேயில் இருக்கும் பழைய நிறுத்தி சில பிரேம்களில் புதிய உறையின் மூடியை ஏற்காது. உறையை வெறுமனே செருகாமல், துளையை அரத்தால் கொஞ்சம் பெரிதாக்கி மூடியோடு உட்கார வையுங்கள்.

முன் டிரெய்லியரின் கூண்டு பெரிய பல்லுக்கு மேலே 1 முதல் 3 மி.மீ. உயரத்தில், பல்லுக்கு இணையாக நிற்கட்டும். செயின் நீளத்துக்கு, டிரெய்லியர் வழியாகப் போகாமல் முன்னாலுள்ள பெரிய பல்லையும் பின்னாலுள்ள பெரிய பல்லையும் நேராகச் சுற்றி, அதற்கு மேல் ஒரு அங்குலம், அதாவது ஒரு உள் இணைப்பும் ஒரு வெளி இணைப்பும் சேர்த்து வெட்டுங்கள்.

ஹேண்டிலும் ஹெட்செட்டும்

மரையுள்ள 1 அங்குல ஃபோர்க்கை மாற்ற வேண்டியதில்லை. 22.2 மி.மீ. தண்டும் 31.8 மி.மீ. பிடியும் உள்ள ஸ்டெம்கள் கிடைக்கின்றன, இல்லையென்றால் 22.2-ஐ 28.6 ஆக்கும் தண்டு ஒன்றைச் செருகிப் புதிய ஸ்டெமைப் பிடிக்க வைக்கலாம். எதுவானாலும் தண்டில் பொறித்த குறைந்தபட்ச ஆழக் கோடு ஹெட்செட்டுக்குள் (ஃபோர்க் திரும்பும் பேரிங் தொகுதி) மறைந்திருக்க வேண்டும். கோடு வெளியே தெரிந்தால் ஃபோர்க்கின் மரைப் பகுதியில் ஆப்பு விரிந்து அதை விரிசலாக்கிவிடும்.

பழைய ஹேண்டில்பாரை வைத்துக்கொள்வதானால் நடு விட்டத்தை அளந்து ஸ்டெம் வாங்குங்கள். 25.4, 26.0, பழைய சினெல்லியின் 26.4 என்று மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

ஹெட்செட் நேர்நிலையில் சிறு பள்ளத்தில் விழுவது போல நின்றால் ஓடுதளம் குழி விழுந்துவிட்டது. மாற்றும்போது ஃபோர்க் முடியின் இருக்கையை அளங்கள்: 26.4 மற்றும் 27.0 என்று இரண்டு உண்டு. நன்றாக ஓடினால் கழுவி, புதுக் குண்டும் கிரீஸும் போட்டாலே போதும்.

பூட்டும் வரிசை

ஹெட்செட், ஃபோர்க், பாட்டம் பிராக்கெட், கிராங், சக்கரங்கள், காலிப்பர், டிரெய்லியர்கள், ஸ்டெம், ஹேண்டில், லீவர்கள், பிறகு கேபிள், அதன்பின் செயின். ஹேண்டில் டேப்பைக் கடைசிவரை சுற்றாதீர்கள். லீவரின் உயரமும் சாய்வும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் சரிப்படும். கேபிள் போடும் முன்பே பின் டிரெய்லியரின் எல்லைத் திருகுகளைச் சரிசெய்யுங்கள். டிரெய்லியரைக் கையால் உள்ளே தள்ளி, மேல் கப்பி பெரிய பல்லுக்கு நேர்கீழே நிற்க வேண்டும், அதற்கு மேல் ஒரு நூல்கூட உள்ளே போகக் கூடாது. போனால் செயின் ஸ்போக்குக்குள் விழும்.

எல்லாம் பூட்டியதும் நின்ற இடத்தில் முன் பிரேக்கை முழு பலத்தோடு இருபது முறை பிடியுங்கள். கேபிள் நழுவுவதானால் இங்கேயே நழுவட்டும். பிறகு கூட்டமில்லாத சமதரையில் ஓட்டி, உட்கார்ந்தபடியே பலமாக மிதித்துப் பார்த்து, இறங்கி, பின் டயர் இரண்டு செயின்ஸ்டேக்கும் நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். முதல் 50 கிலோமீட்டரில் கேபிள்கள் கொஞ்சம் தளரும். நிறுத்தியில் உள்ள குமிழை அரைச் சுற்று திருப்பினால் போதும். அதே நேரத்தில் கிராங் போல்ட், ஸ்டெம், காலிப்பர் நட்டு மூன்றையும் மறுபடி இறுக்கிச் சோதியுங்கள். இத்தாலியக் கூடு என்றால் வலதுக் கிண்ணத்தையும் சேர்த்து.